பச்சைக்குக் கீழே நீலம்

போன வாரம் எங்கள் தெருவில் புல் வெட்ட ஆள் வந்திருந்தான். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிற மெஷின். இழுத்துக் கிளப்பியதும் நீலப் புகை ஒன்று சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து எரித்தால் வருமே, அந்த வாசனை. நீங்களாக இருந்தால் சன்னலைச் சாத்தியிருப்பீர்கள். நான் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய், அவனுக்குப் பின்னால் நின்று மூக்கு நிறைய இழுத்தேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தன் பெட்ரோல் டின்னைக் காலால் மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். கிழவன் எண்ணெய் திருட வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பான்.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. நான் ஒரு பெரிய சந்தேகக்காரியோடு வளர்ந்தவன்.

சரசு அக்காவைத்தான் சொல்கிறேன். எனக்கு மூத்தவள். மலாக்கா பசாருக்கு அவளோடு மீன் வாங்கப் போவது ஒரு தண்டனை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், விரலால் அழுத்திப் பார்ப்பாள். இன்றைக்குப் பிடித்த மீன் என்று கடைக்காரன் சொன்னால் சரி. சத்தியம் செய்தானோ, போச்சு, அடுத்த கடைக்கு நடக்க வேண்டியதுதான். "மீனு நல்லாருந்தா மீனே சொல்லும். இவன் ஏன் சத்தியம் பண்றான்?" என்பாள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது எல்லாரும் செய்வது. அக்கா தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, கடைக்காரன் முகத்தையும் பார்ப்பாள்.

நாங்கள் காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அக்கா பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். நான் ஆற்றோரத்தில் ரப்பரும் கொப்பரையும் வாங்கி விற்கிற ஒரு கம்பெனியில் புதுக் கிராணி, அதாவது குமாஸ்தா. பக்கத்து வீடு செட்டிமார் வீடு, பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே மலாக்காவில் வந்து தங்கிவிட்டவர்கள். எங்களைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேச்சு மட்டும் மலாயில்தான். அந்த வீட்டு அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "அப்பா பிக்கின்?" என்று கேட்பார். என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். நாங்கள் குடிவந்த புதிதில் எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. தன் வீட்டுக்காரரைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "அப்பா வேலைக்குப் போயிட்டாரு" என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பொம்பளை ஏன் தினமும் இவரைக் கேட்கிறாள் என்று அம்மாவுக்குக் கொஞ்ச நாள் வயிற்றெரிச்சல். எங்கள் குடும்பத்தில் சந்தேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இதிலிருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

காலமும் அப்படிப்பட்ட காலம். நாடு சுதந்திரமாகி மெர்டேக்கா கொடி ஏறி ஒரு வருஷம் ஆகியிருக்கும். படாங் மைதானத்தில் கட்டிய தோரணங்களின் கயிறு இன்னும் சில கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை முழுசாக முடியவில்லை. வெளியூர் போனால் சாலையில் நிறுத்தி அடையாளக் கார்டைக் கேட்பார்கள். தெரியாத ஆள் தெருவில் இருமுறை நடந்தால், யார் எவர் என்று கேட்டுவிடுவார்கள். நாடு நம்முடையது ஆகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்தில் நிற்கிறவனை நம்பலாமா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அக்காவுக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை பெயர் தியாகராஜன். சர்வே ஆபீசில் வேலை. பத்து பெரெண்டாம் பக்கம் நிலம் அளக்கப் போவார், வீடு புக்கிட் ரம்பாயில், நடுவில் செங் என்ற ஊர். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் பவுடர் பூசி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். தாலி கட்டும் முன்னாலேயே நான் அவரை அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். ஏனென்று சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது.

இத்தாலி ஸ்கூட்டர். மாம்பழம் மாதிரி பின்பக்கம் புடைத்து, முன்னால் ஒரு தகடு காலை மறைத்துக்கொண்டு நிற்கும். பச்சை நிறம். அதில் அவர் வந்து இறங்குவதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வரும். நான் கண்ணாலேயே அதைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "வண்டிய எடுத்துக்கிறியாடா?" என்று கேட்டார். "ஆபீஸ்ல ஜீப் குடுக்கிறாங்க. வெளியாளுக்கு விக்க மனசு வரல. நீ வச்சுக்க." அவர் சொன்ன விலை என்னைப் போன்ற கிராணிக்கும் எட்டுகிற விலை. அடுத்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு நல்ல மனுஷன்.

அப்பாவுக்குப் பெருமை. அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா மட்டும் வாசற்படியில் நின்று வண்டியைப் பார்த்தாள், மீனைப் பார்ப்பது போல.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு விக்கிறாரு?"

"அதான் ஜீப் குடுக்கிறாங்களாமே."

"ஞாயித்துக்கெழமையும் ஜீப் குடுப்பாங்களா?"

அடுத்த ஞாயிறு அத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெயிலில் நடந்து வந்ததில் பவுடர் கரைந்து கழுத்தில் கோடு போட்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்தக் காலத்து ஸ்கூட்டரை வைத்துக் காப்பாற்றுவதை ஒரு கைக்குழந்தையை வளர்ப்பதோடுதான் ஒப்பிட முடியும். எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டால் பிளக் கறுத்து வண்டி இருமும். குறைந்துவிட்டால் இன்ஜின் இறுகிக்கொள்ளும். கியர் கம்பி ஒன்று, கிளச் கம்பி ஒன்று, இரண்டும் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அறுந்தது ஆஸ்பத்திரி வாசலில், நர்ஸுகள் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில். தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அக்கா விடவில்லை. "நல்ல சாமான கழட்டிக்கிட்டு பழசப் போட்டு அனுப்புவான். உனக்குத் தெரியவா போவுது?" என்றாள். அவளுக்கு ஒரு மெக்கானிக்கையும் தெரியாது, ஆனால் எல்லாரையும் பற்றி ஒரு முடிவு இருந்தது. தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டிப் பழகியவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிணற்றடியில் சாக்கு விரித்து நாங்களே வேலையைத் தொடங்கினோம்.

நான் பலசாலி, அக்கா ஞாபகசாலி. நான் திருகாணியைக் கழற்றுவேன், அவள் அது எங்கேயிருந்து வந்தது என்று பார்த்து வரிசையாகத் துணியில் அடுக்குவாள். பிளக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்ப்போம். புகைக்குழாய் கரி பிடித்து அடைத்துக்கொண்டால் கழற்றி விறகு நெருப்பில் போடுவோம். உள்ளே இருக்கும் கரியும் எண்ணெயும் பற்றிக்கொண்டு, குழாயின் வாயிலிருந்து குபுகுபுவென்று புகை வரும். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, துணி காய்கிறது என்று மலாயில் திட்டுவார். கார்புரேட்டரைக் கழுவ அம்மாவின் நல்ல மங்கு ஒன்றை, ரசம் ஊற்றும் பீங்கான் கிண்ணத்தை, எடுத்துவிட்டோம். அன்று ரசத்தில் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோனார். அம்மா அந்த மங்குக் கிண்ணத்தை எங்களுக்கே எழுதிவைத்தது போலக் கொடுத்துவிட்டார்.

இப்படி எல்லாம் சரிபண்ணியும் ஒரு கோளாறு மட்டும் போகவே இல்லை. வண்டி இடது பக்கம் இழுக்கும். கையை லேசாக விட்டால் சாக்கடையைத் தேடிப் போகும். எனக்கு ஓட்டத் தெரியாததால்தான் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அந்தச் சந்தேகத்தில் அக்காவும் என்னோடு சேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு ஞாயிறு முன் சக்கரத்தைக் கழற்றினோம்.

மட்கார்டுக்கு உட்புறம் கையை விட்டுத் துடைத்த அக்கா, கையை அப்படியே நிறுத்தினாள்.

"இங்க தட்டியிருக்காங்கடா."

தொட்டுப் பார்த்தேன். வெளியே வழவழவென்று இருந்த தகடு உள்ளே சுத்தியல் அடி வாங்கி மேடும் பள்ளமுமாக இருந்தது. அக்கா உப்புத்தாளை எடுத்து வெளிப்பக்கம் தேய்த்தாள். பச்சை போயிற்று. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு மாவு. மாவைத் தேய்த்தால், அதற்கும் கீழே வானம் மாதிரி நீலம்.

"விழுந்து எந்திரிச்ச வண்டி" என்றாள்.

"விழுந்தா என்னா? யாருதான் விழல?" என்றேன்.

"விழுந்தத ஏன் சொல்லல?"

அடுத்த முறை அத்தான் வந்தபோது நான்தான் பட்டும் படாமலும் கேட்டேன். அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் வாங்கினப்பவே பச்சைதான்டா. எனக்கு முன்னால வச்சிருந்தவன் விழுந்திருப்பான்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாங்கள் தேய்த்த இடத்துக்குப் பூச அதே பச்சைப் பெயிண்ட் வேண்டியிருந்தது. டவுனில் எங்களுக்குத் தெரிந்த ராவுத்தர் கடைக்கு வண்டியிலேயே போனோம். ஆணி, கயிறு, பெயிண்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். ராவுத்தர் கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்று வண்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது உங்க மாப்பிள்ள வண்டியில்ல? பெயிண்ட் பரவால்லையே, நல்லாத்தான் அடிச்சிருக்காரு. அப்ப நான் சொன்னேன், அந்த நீலமே அழகா இருக்கே, ஏன் மாத்துறீங்கன்னு. கேக்கலியே மனுஷன்."

"எப்பண்ணே வாங்கினாரு?" அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"துரியான் பழ சீசன் முடியிறப்ப. மழையா இருந்துச்சு. அவசரமா காயிற பெயிண்ட்டா குடுங்கன்னாரு."

வீடு வரும்வரை அக்கா பெயிண்ட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் தன் வண்டிக்குப் பெயிண்ட் மாற்றினால் தப்பா? விழுந்ததைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். மாமனார் வீட்டில் யார் அதைச் சொல்வார்கள்? ஒவ்வொரு காரணமும் கிடைத்தபோது கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு நன்றாக இல்லை.

பெயிண்ட் பூச மறுபடி முன் சக்கரத்தைக் கழற்றியபோது அக்கா மட்கார்டின் இடுக்குகளை ஒரு ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தாள். பழைய மண், கறுத்த கிரீஸ். அதற்கு நடுவே ஒரு மடிப்பில் மாட்டிக்கொண்டு ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் விரல் நீளத்துக்கு வந்தது. பிரம்பு. கூடை பின்னுகிற பிரம்பு. ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட் பட்டிருந்தது. மறு பக்கம் பட்டிருக்கவில்லை.

"மேல பெயிண்ட் அடிச்சிருக்காரு, உள்ள பார்க்கல" என்றாள். அதைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம். வண்டியை என்னிடம் கொடுத்த அன்று அத்தான் சொன்னார்: "செங் ரோட்டுல மட்டும் இத எடுத்துக்கிட்டுப் போயிடாத. குண்டும் குழியும், வண்டி தாங்காது." தினமும் அந்த வழியாகத்தான் அவர் வேலைக்குப் போய் வந்தார். நான் இதை அக்காவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "ரோடு மோசமா இருக்கும், அதான்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"போய்ப் பாப்போம், எவ்வளவு மோசம்னு" என்றாள்.

ரோடு நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் வழவழவென்று தார். ஒரு குழி கண்ணில் பட்டால் அவர் மேல் நம்பிக்கை வரும் என்று நான் தேடிக்கொண்டே ஓட்டினேன். செங் கடைத்தெருவில் ஒரு சீனர் காப்பிக்கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் எங்களுக்குக் காப்பி வைத்துவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களும் திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு மலாய் நன்றாக வரும். வண்டி வாங்கிப் புதிது, இந்தச் சாலையில் பயமில்லாமல் போகலாமா என்று அப்பாவியாகக் கேட்டாள். கடைக்காரர் தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தபடி சொன்னார். மழை நாளில் ஜாக்கிரதை. துரியான் சமயத்தில் இங்கே ஒரு கிழவரை ஸ்கூட்டர் அடித்துப் போட்டுவிட்டது. சைக்கிளில் இரண்டு பக்கமும் கூடை கட்டிக் காய்கறி கொண்டுபோகிறவர். பொழுது சாய்கிற நேரம், பின்னாலிருந்து வந்து மோதிவிட்டான்.

"ஸ்கூட்டர் பீரு. லாரி" என்றார்.

மலாயில் பீரு என்றால் நீலம். லாரி என்றால் ஓடிவிட்டான்.

கடைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து கேட்டார்கள், நீல ஸ்கூட்டர் எதுவும் அகப்படவில்லை. உங்களுடையது பச்சை, உங்களுக்குக் கவலை இல்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சும்மா சிரித்ததா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கிழவருடைய தோட்டம் கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அக்கா கங்கோங் கீரை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். பாத்தி பாத்தியாகக் கீரை. ஓலைக் கொட்டகையில் ஒரு சீனப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஒரு கால் மடங்காமல் நேராக நீட்டியிருந்தது. அவர் மகள் தோளில் கம்பு வைத்து இரண்டு தண்ணீர் வாளிகளைச் சுமந்து பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். வாளியை இறக்கிவிட்டுக் கீரையைப் பிடுங்கி, வேர் மண்ணை உதறிக் கட்டித் தந்தாள். அப்பாவுக்கு என்ன என்று அக்கா கேட்டதற்கு, கால் சரியாகச் சேரவில்லை, இனி சைக்கிள் மிதிக்க முடியாது என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

கொட்டகை ஓரத்தில் நெளிந்த சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது. அதில் ஒரு பக்கக் கூடை இருந்தது. மற்றது இல்லை.

திரும்பும்போது நான் சொன்னேன், "வேற நீல ஸ்கூட்டரும் இருந்திருக்கலாம்லக்கா?"

"இருந்திருக்கலாம்" என்றாள். "அவருகிட்டயே கேட்டுக்கலாம்."

ஞாயிறு வந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அத்தான் வந்து உட்கார்ந்ததும் அக்கா, "கிணத்தடிக்குக் கொஞ்சம் வாங்க, வண்டியில ஒரு சந்தேகம்" என்று கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அப்பாவும் பின்னால் வந்தார். மகளின் குரலில் ஏதோ கேட்டிருக்கும்.

வண்டி சாக்கின் மேல் நின்றது. மட்கார்டில் நாங்கள் தேய்த்த இடம் அப்படியே நீலமாக இருந்தது. அக்கா முந்தானையை அவிழ்த்து அந்தப் பிரம்பை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தாள்.

"செங்கில அந்தப் பெரியவரப் பாத்துட்டு வந்தோம்" என்றாள். "காலு மடங்கல."

அவர் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, எடுத்துவைக்க மறந்த சாமான் மாதிரி. பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"மழை. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அவரு சைக்கிள்ல வெளக்கு இல்ல." குரல் அடங்கிப் போயிருந்தது. "நிறுத்தத்தான் நெனச்சேன், சரசு. எறங்கிட்டேன்கூட. கடைப் பக்கமிருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க. அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன். வேலையும் போயிடும். அப்ப நமக்குக் கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம்."

பக்கத்தில் அப்பா நின்றார். தினமும் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தப் பெரியவருக்கும் அவரே போட்டிருக்கலாம்.

அக்கா அத்தானை உட்காரவிட்டாள். பயந்தது அவளுக்குப் புரிந்தது என்று எனக்குத் தோன்றியது. அவள் முகம் கொஞ்சம் இளகக்கூடச் செய்தது. பிறகு கேட்டாள்.

"சரி, பயந்தீங்க. பெயிண்ட் அடிச்சீங்க. என் தம்பிக்கு ஏன் வித்தீங்க?"

"வெளியாளு வாங்கினா துருவித் துருவிக் கேப்பான். வீட்டுக்குள்ளயே இருந்தா பத்திரம்னு நெனச்சேன்."

"யாருக்குப் பத்திரம்?"

அவர் சீட்டின் மேல் கிடந்த பிரம்பைப் பார்த்தார்.

"போலீஸ் வந்து பச்சையச் சொரண்டிப் பாத்தா, வண்டி யாரு பேருல இருக்கு இப்ப?"

அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை, பாருங்கள். வண்டியைத் தேய்த்தேன், துடைத்தேன், ரோட்டில் குழி தேடினேன். என் பெயரை மட்டும் நினைக்கவில்லை. அவசர அவசரமாக வண்டிப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஏறுடா, இனிமே நீதான் மொதலாளி" என்று முதுகில் தட்டியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போயி சொல்லிட்டு வாங்க" என்றாள் அக்கா. "மத்ததெல்லாம் அப்புறம்."

கோழிக் குழம்பை அன்று யாரும் தொடவில்லை. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவரும் அத்தானும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஸ்கூட்டரை நான் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் தெரிந்தவர் ஒருவர், "என்னா, வண்டி படுத்துக்கிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வழக்கு நடந்தது. தானாக வந்து சொன்னதால் ஜெயில் இல்லாமல் போயிற்று. அபராதம் போட்டார்கள், லைசென்ஸைப் பிடுங்கினார்கள், பெரியவருடைய வைத்தியத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை போகவில்லை, வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். இதற்குள் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். பையன் நல்லவன், உண்மையை ஒத்துக்கொண்டான், இனி என்ன என்றார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு சந்தேகம் ஆகாது என்றார்கள். ஸ்கூட்டரைக் கழற்றத் தெரிந்த பெண்ணை யார் கட்டுவான் என்றும் ஒருவர் கேட்டார். அப்பாகூட ஒரு கட்டத்தில், "தப்பு பண்ணினான், சரி பண்ணிட்டான். யோசிச்சுப் பாரும்மா" என்றார்.

மாற்றல் ஆகிப் போவதற்கு முன் ஒரு நாள் அவரே வந்தார். வேலிக்கு வெளியே நின்றார். பவுடர் இல்லாமல் அவர் முகம் வேறு யாரோ போல இருந்தது. உள்ளே கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் கதவருகே நின்றேன். அக்கா வெளியே போனாள்.

"எல்லாம் நீ சொன்னபடி செஞ்சிட்டேன், சரசு."

"செஞ்சீங்க. அதுக்கு மரியாதை."

"அப்புறம் என்னா?"

"அந்தப் பெரியவர நீங்க பார்க்காம இடிச்சீங்க. அது விபத்து. என் தம்பிய பாத்துப் பாத்து முன்னால நிறுத்தினீங்க." அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நான் எப்பவும் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். வேணாங்க."

அவர் தலையை ஆட்டினார். பஸ் பிடிக்க நடந்தார். பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் செய்த பலகாரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா அதை முழுவதும் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சில வருஷம் கழித்து அவளுக்குச் சிரம்பானில் ஒரு ரயில்வேக்காரரோடு கல்யாணம் ஆயிற்று. மெதுவான மனுஷன். அவரையும் அவள் ஆரம்பத்தில் நம்பவில்லை. ரயில் தாமதம் என்று அவர் சொன்னால் ஸ்டேஷனில் போய் விசாரித்துவிடுவாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்லபடியாக வாழ்ந்தார்கள். வண்டியைப் போலீஸ் எனக்குத் திருப்பிக் கொடுத்தது. நானும் அக்காவும் பச்சையையும் நீலத்தையும் முழுசாகச் சுரண்டினோம். புதுப் பெயிண்ட் எதுவும் அடிக்கவில்லை, எந்த நிறமும் பிடிக்கவில்லை. மலாக்காவின் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. துருவேறித் துருவேறி, ஒரு நாள் பழைய இரும்புக்காரன் தூக்கிப் போனான்.

செங்கில் அந்தத் தோட்டம் இருந்த இடம் இப்போது தொழிற்சாலையும் வீடுகளுமாகக் கிடக்கிறது, எந்தப் பக்கம் இருந்தது என்றே காட்டமுடியாது. பெரியவர் போன பிறகு அந்த மகள் மலாக்கா பசாரில் காய்கறிக் கடை போட்டாள். அக்கா சிரம்பானிலிருந்து வரும்போதெல்லாம் அவளிடம்தான் கீரை வாங்குவாள். கோர்ட்டில் பார்த்திருந்ததால் நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. விலையைச் சொல்வாள், அக்கா கொடுப்பாள். கட்டின் மேலே ஒரு பிடி வெங்காயத்தாளை அவள் சும்மா சொருகிவிடுவாள். ஊரில் எந்தக் கடையிலும் புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காத என் அக்கா, அந்த ஒரு கடையில் மட்டும் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டாள்.

அக்கா போன வருஷம் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஏறிப் போனேன். பழைய பசாரை இடித்துவிட்டார்கள். அந்த இடம் முழுக்கக் கார்கள் நின்றன. காவலுக்கு இருந்த இளைஞனிடம் கேட்டேன், அவனுக்கு அங்கே பசார் இருந்ததே தெரியவில்லை. பக்கத்துக் கடைகளில் கேட்டேன். எந்தச் சீனத்தி, பெயர் என்ன என்றார்கள். அவ்வளவு வருஷம் கீரை வாங்கியிருக்கிறோம், பெயரைக் கேட்டுவைக்கவில்லை.